குழு விளையாட்டுகள்

படிவங்களைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று குலசிங்கம் நினைத்திருந்தார்.

அவர் பதினொரு ஆண்டுகள் அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். யன்னல் இல்லாத அறை. மேசை. தண்ணீர்க் குவளை. அழுகிறவர்களுக்கு ஒரு பெட்டி கடதாசித் துவாலை. இரண்டு தடவை கைதானேன் என்று படிவத்தில் எழுதிவிட்டு விசாரணையில் மூன்று தடவை என்று சொன்ன மனிதர்களின் முகத்தை அவர் கை எட்டும் தூரத்தில் இருந்து பார்த்திருக்கிறார். எழுதினால் அகப்படுவாய். அங்கிருந்து அவர் எடுத்துவந்த பாடம் அதுதான்.

எல்லாவற்றையும் எழுதித் தப்பியவர்களையும் அவர் பார்த்திருக்கிறார். அவர்கள்தான் கூடுதல். அவர்களிடமிருந்து பாடம் எதையும் எடுக்கவில்லை.

இப்போது ஸ்காபரோவில் ஒரு கல்லூரியில் அலுவலகக் கடிதம் எழுதக் கற்பிக்கிறார். தெளிவு, சுருக்கம், முழுமை என்று முதல் வகுப்பில் பலகையில் எழுதுவார். நடுச் சொல்லை மட்டும் நம்பினார்.

கல்லூரி விதிப்படி ஒவ்வொரு மாணவர் சங்கத்துக்கும் ஓர் ஆசிரியர் ஆலோசகராக இருக்கவேண்டும். ஆபத்து வரக்கூடியதை முன்கூட்டியே பார்ப்பது அவர் வேலை. தமிழ் மாணவர் சங்கத்துக்கு ஆறு ஆண்டுகளாக ஆலோசகர் குலசிங்கம். வேறு ஒருவரும் கேட்கவில்லை என்பதால் கிடைத்த பதவி. அதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

ஆலோசகர்களுக்கு ஆண்டுதோறும் நாற்பது நிமிட வீடியோ ஒன்றைக் கல்லூரி அனுப்பும். மஞ்சள் தொப்பி போட்ட கேலிச்சித்திர மனிதன் ஒருவன் வந்து வழுக்கி விழுவான். பிறகு பத்துக் கேள்விகள். பத்துக்கும் விடை ஒன்றுதான்: இடர் முகாமைப் பிரிவுக்கு அறிவிக்கவும். குலசிங்கம் சத்தத்தை நிறுத்திவிட்டுச் சாப்பிடுவார். சாப்பிட்டு முடிய நூற்றுக்கு நூறு வாங்குவார். ஆறு சான்றிதழ்களும் அவருடைய அறைச் சுவரில் இருந்தன.

அவருக்கென்று சொந்தமாக மூன்று விதிகள் இருந்தன. எழுத்தில் எதுவும் கொடுப்பதில்லை. நிகழ்ச்சியில் அதிக நேரம் நிற்பதில்லை, ஏனென்றால் நின்றவன் சாட்சி. கையெழுத்தைக் கேட்டவுடன் போட்டுவிடுவது.

மூன்றாவது விதியால் மாணவர்களுக்கு அவரைப் பிடித்திருந்தது.

செப்டெம்பரில் புதிய குழு வரும்போது அவர் ஒரு மணித்தியாலம் பேசுவார். சங்கத்தைப் பற்றியல்ல, மொழிபெயர்ப்பைப் பற்றி.

"கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அந்தாள் இருமினா இருமினதெண்டு சொல்லவேணும். சிரிச்சா சிரிப்பெண்டு சொல்லவேணும். சுருக்கிச் சொல்லுறவன் மொழிபெயர்ப்பாளர் இல்லை. அவன் வேலிக்கு மேலால கதை சொல்லுற அயலட்டைக்காரன்."

மாணவர்கள் தலையாட்டியபடி ஃபோனைப் பார்ப்பார்கள். ஒருமுறை விசாரணை நடத்திய அதிகாரி அவருடைய மொழிபெயர்ப்பைப் புகழ்ந்து பதிவேட்டில் ஒரு வரி எழுதினார். அந்த வரியை அவர் ஒவ்வோர் ஆண்டும் சொல்வார். வாழ்க்கையில் அவர் உண்மையாகவே நன்றாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

அந்தப் பேச்சை முழுதாகக் கேட்டவள் நிலாணி. இரண்டு ஆண்டுகள், இரண்டு தடவை.

*

நிலாணி சங்கத்தின் தலைவி. தாதியர் பயிற்சியில் கடைசி ஆண்டுக்குப் போகிறவள். டோர்செட் பார்க்கில் பதினாலாம் மாடியில் தாய் யோகமலரோடு இருக்கிறாள். எதையும் எழுதி வைக்கிற பழக்கம் உள்ளவள். குலசிங்கத்துக்கு அது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

ஜூனில் சங்கத்தின் பிக்னிக். பிரிம்லி வீதிப் பூங்காவில். மே மாதம் அவள் இடர் முகாமைப் பிரிவின் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தாள். பதினாலு பக்கம். ஆறாவது கேள்வி: நிகழ்ச்சியில் நடக்கும் ஒவ்வொரு செயலையும் தனித்தனியே எழுதவும்.

அவள் குலசிங்கத்துக்கு வட்ஸ்அப்பில் கேட்டாள். தேசிக்காய் ஓட்டம், சாக்கோட்டம், கயிறிழுத்தல். மூன்றையும் எழுதட்டா சேர்?

குலசிங்கம் வழக்கமாக இப்படிப்பட்ட கேள்விக்கு ஃபோன் எடுத்துத்தான் பதில் சொல்வார். அன்று எடுத்தார். அவள் வகுப்பில் இருந்ததால் பதில் இல்லை. அவர் 401 நெடுஞ்சாலையில் பிக்கரிங் பக்கம் போய்க்கொண்டிருந்தார். குரலில் பதில் அனுப்பினார். குரல் எழுத்து இல்லையே. அதுவும் தமிழ்க் குரல். கல்லூரியில் எவனுக்கு விளங்கும்?

"நிலாணி, பிள்ளை, கேளும். கயிறிழுத்தல் எண்டு எழுதினா அந்த டெரெக் ஃபோன் அடிப்பான். கயிறு எங்க வாங்கினது, ஆர் றெஃபரி, ஆர் பொறுப்பெண்டு ஆயிரம் கேள்வி. எல்லாத்தையும் சேர்த்து குறூப் கேம்ஸ் எண்டு போடும். பொய்யில்லைத்தானே. ஒரு கூத்தும் நடக்காது. நடந்தாலும், ஃபோர்மில இல்லாதது நடக்கேல்ல." இங்கே அவர் சிரித்தார். "நான் சொன்னனெண்டு ஒருத்தரிட்டயும் சொல்லாதையும். வைக்கிறன்."

நாற்பத்தேழு விநாடி.

நிலாணி அதை இரண்டு தடவை கேட்டாள். அவர் ஆசிரியர். அவளுடைய தாய்க்கும் படிவம் என்றால் அதே பயம்தான். குழு விளையாட்டுகள் என்று எழுதினாள். குலசிங்கம் உடனே கையெழுத்திட்டார்.

டெரெக் இடர் முகாமைப் பிரிவில் இருந்தவர். கழுத்தில் மூன்று அடையாள அட்டைகள் தொங்கும். ஆபத்தை அவர் எழுத்தில் மட்டுமே கண்டுபிடிப்பார். குழு விளையாட்டுகள் என்ற இரண்டு சொல்லில் எந்த ஆபத்தும் தெரியவில்லை. அங்கீகரிக்கப்பட்டது என்று பச்சை எழுத்தில் பதில் அனுப்பினார்.

*

பிக்னிக் அன்று காலை மழை பெய்து விட்டிருந்தது. புல் ஈரம்.

குலசிங்கம் பதினொரு மணிக்கு வந்தார். ஒரு மட்டன் ரோல் சாப்பிட்டார். ஐந்து படங்களில் நின்றார். ஒன்றரைக்குப் போய்விட்டார். கயிறிழுத்தல் இரண்டரைக்கு.

ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் பழைய மாணவர் சங்கத்திலிருந்து பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். ஆண்டுதோறும் பிள்ளைகளோடு கயிறிழுப்பார்கள். அவர்களுக்குத் தலைவர் இராஜரட்ணம். காப்புறுதி முகவர். ஸ்காபரோவில் பாதிச் சமையலறைகளில் அவருடைய படம் போட்ட கலண்டர் தொங்குகிறது. எதிர்பாராதது எப்போதும் வரலாம் என்று படத்தின் கீழே எழுதியிருக்கும்.

கயிற்றைக் கொண்டுவந்தவர் அவர்தான். மஞ்சள் நைலோன் கயிறு. சுண்டுவிரல் தடிப்பு. வீடு மாறும்போது மெத்தையை வான் வண்டியின் கூரையில் கட்டுவதற்கு வாங்கியது.

மாணவர் அணியில் கடைசி ஆள் கீதன். அணியிலேயே பாரமானவன். கார் திருத்தும் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு. கயிறு ஈரத்தில் வழுக்கியது.

"தம்பி, உப்பிடிப் பிடிச்சா நிக்காது," என்றார் இராஜரட்ணம். அவர்தான் விசிலும் வைத்திருந்தார். "கையில ரெண்டு சுத்துச் சுத்திப் பிடி. நாங்கள் ஊரில உப்பிடித்தான் இழுத்தனாங்கள்."

"அங்கிள், சுத்தக்கூடாது," என்றாள் நிலாணி. "கை போயிடும். கீதன், டோன்ட்."

"ஆர் பிள்ளை நீர், டொக்டரோ?"

"நேர்சிங் படிக்கிறன்."

"அப்ப பயமென்ன? நீர் பக்கத்தில நிக்கிறீர்தானே."

பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். மாணவர்களும் சிரித்தார்கள். கீதனும் சிரித்தான். சிரித்தபடி இடக்கையில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றினான்.

நிலாணி குலசிங்கத்துக்கு ஃபோன் எடுத்தாள். பிக்கரிங்கில் தன் வீட்டில் அவர் பூமரத்தின் கொப்பை வெட்டிக்கொண்டிருந்தார். பெயரைப் பார்த்தார். எடுக்கவில்லை. எடுத்தால் தெரிந்தவர் ஆகிவிடுவார். மணி இரண்டு முப்பத்தெட்டு.

விசில் ஊதியது.

நைலோன் கயிறு இழுபடும்போது நீளும். ஒரு பக்கத்தார் விட்டால் சுருங்கும். மாணவர் அணியில் முன்னால் நின்றவன் வழுக்கி விழ, மற்றவர்கள் கயிற்றை விட்டார்கள். கீதனால் விட முடியவில்லை. சுற்று இறுகியது.

கீதனின் இடக்கையில் இரண்டு விரல்கள் போயின.

நிலாணி அவற்றைப் புல்லில் தேடி எடுத்தாள். ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, குளிர்பானப் பெட்டியில் பனிக்கட்டிக்கு மேல் வைத்தாள். கீதனின் கையை உயர்த்திப் பிடித்தபடி அவனோடு அம்புலன்ஸில் போனாள். ஒரு விரலை வைத்தியர்கள் ஒட்டினார்கள். அது மடியாது. மற்றதை ஒட்ட முடியவில்லை.

அம்புலன்ஸ் வருமுன்னரே இராஜரட்ணம் கயிற்றைச் சுருட்டி வானின் பின்பக்கம் போட்டுவிட்டார்.

"தம்பிக்குப் பிடிக்கத் தெரியேல்ல," என்றார். பிறகு தன் வீட்டுக் காப்புறுதியில் இது வருமா என்று யோசித்தார். வராது என்பது அவருக்குத் தெரியும். அவர் விற்றதுதான்.

*

டெரெக் குலசிங்கத்தைக் கூப்பிட்டுக் கேட்டார். கயிறிழுத்தல் நடக்கப்போவது உங்களுக்குத் தெரியுமா?

"தெரியாது," என்றார் குலசிங்கம். "படிவத்தில் இருந்ததைப் படித்துக் கையெழுத்திட்டேன்."

அந்தப் பதிலால் ஜூலையில் நிலாணிக்குக் கடிதம் வந்தது. முக்கியமான தகவலை மறைத்துப் படிவம் கொடுத்தாள் என்பது குற்றச்சாட்டு. குற்றம் நிரூபணமானால் அது அவளுடைய பதிவுக் கோவையில் ஏறும். கோவை ஆஸ்பத்திரிக்குப் போகும். செப்டெம்பரில் தொடங்கும் ஆஸ்பத்திரிப் பயிற்சி போகும். பயிற்சி இல்லையென்றால் சான்றிதழ் இல்லை. விசாரணைக்கு அவளுக்குத் துணையாக வரும்படி ஆலோசகருக்கும் ஒரு பிரதி.

குலசிங்கம் அவளைக் கோப்பிக்கடைக்கு வரச்சொன்னார். கல்லூரிக்கு எதிரே இருந்த கடைக்கு அல்ல. இரண்டு பஸ் தள்ளி.

"மறந்துபோனன் எண்டு சொல்லும்," என்றார்.

"நான் மறக்கேல்ல சேர். உங்களிட்டக் கேட்டனான்."

"கேட்டது உமக்கும் எனக்கும் தெரியும். அவையளுக்குத் தெரியாது. மறக்கிறது குற்றமில்லை, மறைக்கிறதுதான் குற்றம். நான் எத்தினை கேஸ் பாத்தனான். 'ஞாபகமில்லை' எண்டா ஒருத்தரும் ஒண்டும் செய்யேலாது."

"மறந்திட்டன் எண்டாலும் ஆஸ்பத்திரி பிளேஸ்மென்ட் போகும் சேர். டெரெக்கிட்டக் கேட்டனான். கெயார்லெஸ் எண்டு எழுதுவினமாம்."

"அடுத்த வருசம் செய்யலாம்தானே. நீர் சின்னப்பிள்ளை."

"அம்மா ரெண்டு வேலை செய்யிறா."

அவர் கோப்பியைக் கலக்கினார். அதில் சீனி போட்டிருக்கவில்லை.

"இஞ்ச பாரும் பிள்ளை. நான் இந்தக் கொலிச்சில இருபத்தொரு வருசம். பென்சனுக்கு நாலு வருசம் கிடக்கு. எனக்குக் கரைச்சல் வந்தா உங்கட சங்கத்துக்கு ஆர் கையெழுத்து வைக்கிறது? யோசிச்சுப் பாரும்."

"நீங்கள் டெரெக்கிட்டத் தெரியாதெண்டு சொன்னனீங்களோ?"

"நான் ஃபோர்மில இருந்ததைச் சொன்னனான்."

"ஃபோர்மில இருந்தது நீங்கள் சொன்னது."

அவர் கடையைச் சுற்றிப் பார்த்தார். தமிழர் ஒருவரும் இல்லை.

"கீதன் கேட்டவன்," என்றாள் நிலாணி. "சேர் ஏன் வரேல்லை எண்டு."

"போய்ப் பாத்தா நாங்கள் பிழையை ஒத்துக்கொண்ட மாதிரி வரும். விசாரணை முடியட்டும். பேந்து பாப்பம்."

"அவன்ர அம்மா உங்களுக்கும் சேர்த்துத்தான் சோறு வைச்சுக்கொண்டு இருந்தவா."

அவள் எழுந்தாள். கோப்பி குடிக்கவில்லை. அவர் அவளுடைய கோப்பையையும் சேர்த்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். மேசையில் இரண்டு கோப்பைகள் இருப்பது நல்லதல்ல.

*

ஓகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை விசாரணை. இந்த அறைக்கு யன்னல் இருந்தது. வாகனத் தரிப்பிடம் தெரிந்தது.

மூன்று பேர் கொண்ட குழு. தலைவி கார்மைக்கல் என்ற பெண். கையில் பேனா வைத்திருந்தவர் அவர் மட்டும். மற்ற இருவரும் தலையாட்டுவதற்கு வந்திருந்தார்கள்.

டெரெக் ஒரு பெரிய பையைத் தூக்கிவந்து மேசையில் வைத்துத் திறந்தார். உள்ளே ஒரு கயிறு. மணிக்கட்டுத் தடிப்பு. பஞ்சுபோல மெதுமை. நடுவில் சிவப்புத் துணி. கயிறிழுத்தலுக்கென்றே செய்தது.

"இது விளையாட்டுப் பிரிவில் இருக்கிறது," என்றார். "கேட்டால் கொடுப்போம். பழகிய நடுவர் ஒருவரையும் அனுப்புவோம். கட்டணம் இல்லை. படிவத்தில் எழுதியிருந்தால் போதும்."

"எத்தனை தடவை கொடுத்திருக்கிறீர்கள்?" என்று கார்மைக்கல் கேட்டார்.

"ஒன்பது ஆண்டுகளில் ஒருவரும் கேட்கவில்லை."

"இப்படி ஒன்று இருப்பது மாணவர்களுக்கு எப்படித் தெரியும்?"

"வழிகாட்டியில் இருக்கிறது. எழுபத்திரண்டாம் பக்கம்."

கார்மைக்கல் அதை எழுதிக்கொண்டார். கயிறு மேசையில் கிடந்தது. ஒரு கறையும் இல்லை.

பிறகு அவர் நிலாணியைக் கேட்டார். ஏன் எழுதவில்லை?

"எழுதட்டுமா என்று என் ஆலோசகரிடம் கேட்டேன்," என்றாள் நிலாணி. "இது அவருடைய பதில்."

ஃபோனை மேசையில் வைத்து அழுத்தினாள்.

குலசிங்கத்தின் குரல் அறையில் பேசியது. நாற்பத்தேழு விநாடி. குழுவினர் மூவரும் வேற்று நாட்டுப் பாட்டுக் கச்சேரியில் இருப்பவர்கள்போல் மரியாதையான முகத்தோடு கேட்டார்கள். சிரிப்பு வந்த இடத்தில் ஒருவர் தானும் புன்னகைத்தார்.

குலசிங்கம் தன் கைகளைப் பார்த்தார். அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் வைத்திருக்கும். அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"எங்களுக்கு இது ஆங்கிலத்தில் வேண்டும்," என்றார் கார்மைக்கல். "வெளியிலிருந்து மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட மூன்று கிழமை ஆகும். ஆஸ்பத்திரிக்கு வெள்ளிக்கிழமைக்கு முன் பதில் சொல்லவேண்டும். நிலாணி குற்றம் சாட்டப்பட்டவர். அவர் மொழிபெயர்ப்பது முறையில்லை." கடதாசியைப் புரட்டினார். முகம் மலர்ந்தது. "திரு குலசிங்கம், நீங்கள் தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளர் என்று உங்கள் கோவையில் இருக்கிறது. பேசியவரும் நீங்கள். சொல்லிவிடுங்களேன்."

குலசிங்கம் சொல்வதும் முறையில்லை என்பது கார்மைக்கலுக்குத் தோன்றவில்லை. முன்கூட்டியே பார்ப்பதற்குச் சம்பளம் வாங்கிய டெரெக்குக்கும் தோன்றவில்லை. குலசிங்கம் ஆசிரியர். ஆசிரியர்கள் விசாரிக்கிற பக்கத்து ஆட்கள்.

குலசிங்கத்துக்கு இதைவிட வசதியான அறை பதினொரு ஆண்டுகளில் கிடைத்ததில்லை. தமிழ் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி சொல்லக்கூடாது. மற்றவர் அவர்.

தொண்டையைச் செருமினார்.

"பொதுவாக இந்தச் செய்தி என்ன சொல்கிறதென்றால், படிவத்தைச் சுருக்கமாக நிரப்பும்படியும், ஒரே வகையான போட்டிகளை ஒன்றாகச் சேர்க்கலாம் என்றும் ஓர் ஆலோசனை. மாணவிக்கு ஊக்கம் கொடுக்கும் முறையில்."

கார்மைக்கல் எழுதத் தொடங்கினார்.

"சேர்," என்றாள் நிலாணி தமிழில். குரலை உயர்த்தவில்லை. "அயலட்டைக்காரன் மாதிரிச் சொல்லுறியள்."

பேனா நின்றது. "என்ன சொல்கிறார்?"

குலசிங்கம் பேனாவைப் பார்த்தார். இதற்கும் ஒரு பொய் சொல்லலாம். ஒரு சிறு பொய் போதும்.

"மொழிபெயர்ப்பு சரியில்லை என்கிறார்," என்றார், பழைய பழக்கத்தில்.

கார்மைக்கல் தலையை ஆட்டினார். குனிந்து எழுதினார். மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து தலைகீழாகவும் அதை வாசிக்க முடிந்தது. மொழிபெயர்ப்பு சரியில்லை. பக்கத்தில் குலசிங்கத்தின் பெயர்.

பதினொரு ஆண்டுகள். சித்திரவதை, கடத்தல், பங்கர், கடல். அழுதவர்கள், மயங்கியவர்கள், பொய் சொன்னவர்கள். ஒருவரும் அப்படி எழுதியதில்லை. மாறாக ஒருவர் புகழ்ந்து எழுதினார். அது இப்போதும் பதிவேட்டில் இருக்கிறது.

கீதனின் கையை நினைத்துப் பேசியிருக்கலாம். பதினாலாம் மாடியை நினைத்துப் பேசியிருக்கலாம். அவர் நினைத்தது அந்த இரண்டு வரிகளை.

"தயவுசெய்து இன்னொருமுறை போடவும்," என்றார். "இடையில் நிறுத்தி நிறுத்திப் போடவும்."

முதுகை நிமிர்த்தினார். கைகளை மேசையில் வைத்தார். கண்ணைத் தாழ்த்தி யாரையும் பாராமல் ஓர் இடத்தில் நிறுத்தினார். அந்த இடத்தில் டெரெக்கின் கயிறு கிடந்தது.

நிலாணி அழுத்தினாள். ஒவ்வொரு வசனமாக அவர் ஆங்கிலத்தில் சொன்னார்.

"நிலாணி, குழந்தாய், கேள். இந்த இடத்தில் குழந்தாய் என்பது வயதில் மூத்தவர் அன்பாக அழைப்பது. கயிறிழுத்தல் என்று எழுதினால் அந்த டெரெக் தொலைபேசி எடுப்பான். இங்கே 'அவன்' என்பது மரியாதை இல்லாத வடிவம்."

டெரெக் நிமிர்ந்தார்.

"கயிற்றை எங்கே வாங்கினீர்கள், நடுவர் யார், பொறுப்பு யார் என்று ஆயிரம் கேள்வி. எல்லாவற்றையும் சேர்த்துக் குழு விளையாட்டுகள் என்று போடு. அது பொய்யில்லையே. ஒன்றும் நடக்காது. நடந்தாலும், படிவத்தில் இல்லாதது நடக்கவில்லை."

நிறுத்தினார்.

"சிரிப்பு," என்றார்.

பேனா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் சொன்னேன் என்று ஒருவரிடமும் சொல்லாதே. வைக்கிறேன். பின்னணியில் வாகனச் சத்தம். முடிந்தது."

சுத்தமாகச் செய்திருந்தார். ஒரு சொல் கூடவில்லை. ஒரு சொல் குறையவில்லை. தான் செய்தது என்ன என்பது அவருக்கு விளங்குவதற்கு முன்னால் திருப்தி வந்துவிட்டது. முகத்தில் தெரிந்தது.

"மிகத் தெளிவாக இருந்தது," என்றார் கார்மைக்கல். "நன்றி." பிறகு, தான் யாருக்கு நன்றி சொன்னார் என்பதை நினைத்து, பேனாவை மூடினார்.

இருபது நிமிடத்தில் முடிவு சொன்னார்கள். நிலாணி மீதான குற்றச்சாட்டு நீக்கப்பட்டது. ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எதுவும் போகாது. அவளும் அந்த நாற்பது நிமிட வீடியோவைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். திரு குலசிங்கம் இன்றிலிருந்து ஆலோசகர் இல்லை. தெரியாது என்று அவர் டெரெக்கிடம் சொன்னதைப் பற்றி வேறொரு குழு விசாரிக்கும். வேறொரு அறையில். அங்கே அவர் ஒரு படிவம் நிரப்பவேண்டும். அதைக் கார்மைக்கல் அப்போதே கொடுத்தார்.

நடைக்கூடத்தில் இருவரும் லிஃப்டுக்கு நின்றார்கள். படிவம் அவர் கையில் இருந்தது. ஒன்பது பக்கம்.

நிலாணி ஃபோனில் தாய்க்கு எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி முடித்து அனுப்பினாள்.

குலசிங்கம் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். அவள் நிமிரவில்லை.

"எப்பிடி இருந்தது?" என்று கேட்டார்.

"எது சேர்?"

"மொழிபெயர்ப்பு. எத்தினை வருசத்துக்குப் பிறகு. விட்டுப்போகேல்லத்தானே?"

அவள் அவரைப் பார்த்தாள். பகிடி விடுகிறாரோ என்று பார்த்தாள். அவர் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார்.

"ஓம் சேர். ஒண்டும் விடேல்ல," என்றாள். "ஃபோர்மையும் அப்பிடி எழுதியிருக்கலாம்."

லிஃப்ட் வந்து கதவு திறந்தது. அவள் படிக்கட்டால் இறங்கிப் போனாள். கீதன் கீழே காரில் இருந்தான். காரை ஓட்டுவது அவன் தங்கை. அவனால் இன்னும் ஸ்டியரிங் பிடிக்க முடியாது.

குலசிங்கம் லிஃப்டில் ஏறினார். கதவு மூடுவதற்கு முன் படிவத்தின் முதல் கேள்வியைப் பார்த்தார். நடந்ததை உங்கள் சொந்த வார்த்தைகளில் முழுமையாக எழுதவும்.

சட்டைப் பையில் பேனா இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை.